கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம்

வீடு வீடாக இணைய இணைப்பு கொடுக்கும் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் பாடம் நடத்துகிறவன் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் படித்தவர்கள். இன்னும் பலர் கேபிள் டிவி காலத்திலிருந்தே கம்பத்தில் ஏறி, வெயிலில் நின்று, கையாலேயே தொழில் கற்றவர்கள். கிட்டத்தட்டத் தலைமுடி அளவே உள்ள கண்ணாடி இழையைத் தெருவோரத்தில் உட்கார்ந்து சீவி ஒட்டவைக்கிற உங்கள் கைத்திறன் எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டு ரவுட்டரின் ஆபத்துகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வீட்டுக்காரர்களுக்கே எழுதுகிறார்கள். நான் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் திறக்கும் அமைப்புப் பக்கத்தைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெட்டியைச் சுவரில் மாட்டும் நாளில் நீங்கள் அதைத் திறக்கிறீர்கள். யூசர்நேமைப் போட்டு, வைஃபைக்கு ஒரு பெயர் வைத்து, யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறீர்கள். பிறகு பெட்டி பழுதாகும்வரை அந்தப் பக்கம் திறக்கப்படுவதில்லை. அதனால் அந்த வீட்டின் பல ஆண்டுப் பாதுகாப்பை அன்றைக்கு நீங்கள் அங்கே செலவிடும் சில நிமிடங்கள் தீர்மானித்துவிடுகின்றன. இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் வைஃபை பாஸ்வேர்டு. “என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும்?” என்று கேட்டால் “என் செல் நம்பரையே வைத்துவிடுப்பா” என்பார்கள். நீங்களும் வைத்துவிடுவீர்கள், மறக்காது, திரும்ப போன் வராது. இதில் உள்ள ஆபத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சுற்றிவந்து, 5,000 வைஃபை இணைப்புகளின் சிக்னலிலிருந்து பாஸ்வேர்டைச் சோதித்துப் பார்க்கத் தேவையான தகவலைச் சேகரித்தார். யார் வீட்டுக்குள்ளும் அவர் நுழையவில்லை. பிறகு தன் கணினியில் அவற்றை உடைத்துப் பார்த்தபோது 70 சதவீதத்துக்கும் மேல் திறந்துகொண்டன. முக்கியக் காரணம், அங்கேயும் மக்கள் செல்போன் எண்ணைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். அந்த நாட்டுச் செல் எண்கள் 05 என்று தொடங்குவதால் மீதி எட்டு இலக்கங்களை, அதாவது 10 கோடி வாய்ப்புகளை, முயன்று பார்த்தால் போதும். அவருடைய லேப்டாப் நொடிக்குச் சுமார் 1,94,000 வாய்ப்புகளைச் சோதித்தது. ஒரு பாஸ்வேர்டுக்கு ஒன்பது நிமிடம் போதுமானதாக இருந்தது.

நம் நாட்டு எண்ணுக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். அதே லேப்டாப்பின் வேகத்தில் ஆறு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். வீட்டுக்காரரின் எண் முன்பே தெரிந்த அக்கம்பக்கத்தாருக்கு அந்த ஆறு மணி நேரமும் தேவையில்லை.

இதற்கு மாற்று கடினமானது இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சாதாரணத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். நுங்கு, ஏணி, தபால், கம்பளி, பம்பரம் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) 2,000 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஐந்தை எடுத்திருந்தால், அதே லேப்டாப் எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்து முடிக்க 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாட்டிகூடச் சொல்லிக்காட்டக்கூடிய பாஸ்வேர்டு அது. வீட்டுக்காரரின் பெயர், ஊர், பிள்ளைகளின் பெயர், குலசாமி பெயர் ஆகியவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வைஃபையை வெளியாள் ஒருவர் பயன்படுத்தினால் டேட்டாதானே போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது வந்த ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன காவல்துறை, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. வேறு யாரோ அதை இரவல் எடுத்திருந்தார்கள். அவருக்கும் அந்தக் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்பது பின்னால் தெளிவானது. அதற்குள் விசாரணை, கணினிகள் பறிமுதல், நாடு முழுக்கச் செய்தி எல்லாம் நடந்துவிட்டன. ஐபி முகவரி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். நீங்கள் இணைப்புக் கொடுக்கும் வீட்டில் அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு ஓய்வூதியக்காரருடையதாக, அல்லது பிள்ளைகளின் படிப்புக்காக இணைப்பு வாங்கிய அம்மா ஒருவருடையதாக இருக்கும்.

இரண்டாவது, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ஆகவே ஆலையிலிருந்து வந்த ‘அட்மின், அட்மின்’ அப்படியே கிடக்கிறது. 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல் பரவியதற்கு அசாத்தியத் திறமை எதுவும் தேவைப்படவில்லை. பல நிறுவனங்கள் ஆலையில் வைத்து அனுப்பும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளில் 60-க்குச் சற்று அதிகமானவற்றை அது பட்டியலாக வைத்திருந்தது. இணையத்தில் எதிர்ப்பட்ட சிசிடிவி பெட்டிகள், கேமராக்கள், ரவுட்டர்களில் அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அப்படிப் பிடித்த பெட்டிகளின் படையைக் கொண்டுதான் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் சேவையை நடத்திய டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. தங்கள் வீட்டுக் கேமரா அந்தத் தாக்குதலில் பங்கெடுத்தது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே இல்லை. மிராயை எழுதியவர்கள் இருபது, இருபத்தொரு வயதுள்ள மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் முடங்கின. பெட்டிக்குள் நுழைந்து அதன் நினைவகத்தையே அழித்துவிடும் இன்னொரு வகைத் தீநிரலின் வேலை அது. ஆலைப் பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள்தான் சிக்கின என்று பிஎஸ்என்எல் சொன்னது. மாற்றிக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நாட்களில் புகார் எண்களுக்கு வந்த அழைப்புகளைச் சமாளித்தவர்களும், வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைத் திரும்ப அமைத்துக் கொடுத்தவர்களும் உங்களைப் போன்ற பணியாளர்கள்தான். ஒரு பாஸ்வேர்டை மாற்றாததன் சுமை கடைசியில் உங்கள் தோளில்தான் வந்து இறங்குகிறது.

“இப்போதெல்லாம் சிஜிநாட் சார். ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால் நூறு வீடு இருக்கும். வெளியிலிருந்து யாரும் ரவுட்டரைத் தொட முடியாது” என்று உங்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். பாதி உண்மை. ஆனால் ஐபிவி6 வந்துவிட்ட இணைப்பில் வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனியாகப் பொது முகவரி கிடைக்கிறது. அங்கே காவல் ரவுட்டரின் ஃபயர்வால் மட்டும்தான். வேகம் குறைகிறது என்று அதை அணைத்துவிட்டால் காவலே இல்லை. அடுத்து, தாக்குதல் எப்போதும் வெளியிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒருவர் தவறான பக்கத்தையோ மின்னஞ்சலையோ திறந்தால், அதில் மறைத்துவைத்த கட்டளை அவருடைய பிரவுசர் வழியாகவே 192.168.1.1-க்குப் போகும். உள்ளேயிருந்து வருவதால் ரவுட்டர் அதைச் சந்தேகிக்காது. 2008-ல் மெக்சிகோவில் இப்படித்தான் ஒரு மின்னஞ்சலைத் திறந்ததுமே பலருடைய ரவுட்டரில் டிஎன்எஸ் அமைப்பு மாறி, அங்குள்ள வங்கி ஒன்றின் முகவரியை அடித்தவர்கள் போலிப் பக்கத்துக்குப் போனார்கள்.

டிஎன்எஸ் என்ற அந்த ஒரு கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் தொலைபேசிக் கையேடு போன்றது அது. வங்கியின் பெயரை நாம் சரியாகத்தான் அடிக்கிறோம். கையேட்டை மாற்றிவிட்டால் அழைப்பு வேறு வீட்டுக்குப் போகிறது. 2011-ல் பிரேசிலில் 45 லட்சம் மோடம்களில் இந்தக் கட்டத்தைக் குற்றவாளிகள் மாற்றினார்கள். மோடத்தின் மென்பொருளில் இருந்த ஒரு குறைபாடு அவர்களுக்கு வழிவிட்டது. உரிமையாளர் திரும்ப மாற்றிவிடாதபடி அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவைத்தார்கள். கணினியை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் பயனில்லை. கோளாறு கணினியில் இல்லை, மூலையில் மின்னிக்கொண்டிருந்த பெட்டியில் இருந்தது. ஆகவே புகாருக்காக ஒரு வீட்டுக்குப் போகும்போது ‘நெட் ஸ்லோ’ என்று சொன்னாலும் சரி, ‘விளம்பரமாக வருகிறது’ என்று சொன்னாலும் சரி, டிஎன்எஸ் கட்டத்தில் இருப்பது உங்கள் நிறுவனம் தந்த எண்தானா என்று ஒருமுறை பாருங்கள். வங்கிப் பக்கத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்றும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவதாக, அணைத்துவிட வேண்டியவை. டபிள்யூபிஎஸ் என்ற வசதி, பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைப் போட்டோ வைஃபையில் சேர உதவுவது. எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் அடுத்த பாதியைத் தனியாகவும் சரிபார்க்கிறது. எட்டாவது இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே 10,000-உம் 1,000-உம் சேர்த்து 11,000 முயற்சிகளே போதும். ஆஸ்திரிய ஆய்வாளர் ஒருவர் 2011 டிசம்பரிலேயே இதைக் காட்டிவிட்டார். நீங்கள் எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் அது வீண்.

யுபிஎன்பி அடுத்தது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவி கேட்டாலும் வீட்டாரிடம் கேட்காமல் வெளியுலகுக்கு ஒரு போர்ட்டைத் திறந்துவிடும் வசதி இது. விளையாட்டுக்கும் கேமராவுக்கும் வசதிதான். மலிவான கேமராவின் பாஸ்வேர்டு ஆலையில் வைத்ததாகவே இருந்தால் அந்த வசதி வீட்டுக் கூடத்தைத் தெருவுக்குக் காட்டிவிடும். சிசிடிவி மாட்ட வருபவர் போர்ட் ஃபார்வர்டிங் கேட்டால், கேமராப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றிய பிறகே செய்துகொடுங்கள். கேமராவையும் டிவியையும் வாடகைக்கு இருப்பவர்களையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்துவைத்தால் ஒன்றில் வந்த கேடு மற்றொன்றுக்கு எளிதில் பரவாது. வெளியிலிருந்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ எந்த வீட்டுக்கும் தேவையில்லை. பூட்டு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே வையுங்கள். சிக்னலைப் பிடித்துவைத்து ஆற அமர உடைக்கும் வித்தை அதில் பலிக்காது. பழைய போன்கள் இருந்தால் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். டபிள்யூஇபி உடைந்தது 2001-ல். அதைத் தவிர வேறு எதுவும் வராத பெட்டி இன்னும் எங்காவது ஓடினால் கழற்றி எறிய வேண்டியதுதான்.

பழைய பெட்டிகள் என்றதும் ஃபர்ம்வேர் நினைவுக்கு வருகிறது. 2018 மே மாதத்தில் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் இருந்தது தெரியவந்தது. எல்லோரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. அணைத்துப் போடுவது முதலுதவி. மருந்து என்பது புதிய ஃபர்ம்வேர். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட இன்னொரு நிகழ்வில், வெளிநாட்டு உளவாளிகள் கைப்பற்றியிருந்த நூற்றுக்கணக்கான சிறு ரவுட்டர்களில் பெரும்பாலானவை நிறுவனமே கைவிட்டுவிட்ட பழைய மாடல்கள். இனி திருத்தம் வராத பெட்டியை, வேகமாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு வீட்டில் மாட்டாதீர்கள். முன்பு ஒரு வீட்டில் இருந்த பெட்டியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் முழுதாக ரீசெட் செய்து, ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகே கொடுங்கள்.

உங்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படமெடுத்து, வாடிக்கையாளர் பெயர், முகவரியோடு வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இணைப்பை ஆக்டிவேட் செய்ய அலுவலகத்துக்குச் சீரியல் எண் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அதே ஸ்டிக்கரில் வைஃபை பாஸ்வேர்டும் அட்மின் பாஸ்வேர்டும் அச்சாகியிருக்கின்றன. அந்தக் குழுவில் இருந்து, பிறகு வேலையை விட்டுப் போனவர்களின் போனிலும் அந்தப் படங்கள் கிடக்கின்றன. சீரியல் எண்ணை மட்டும் அனுப்புங்கள். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் பொறுப்பானவர் கையில் கொடுங்கள். பீரோவில் இருக்கட்டும். ரீசெட் ஊசித்துளையை ஏன் அழுத்தக் கூடாது, அழுத்தினால் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியும். பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. இணைப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு வீட்டில் பத்து நிமிடம் கூடினால் மாலையில் ஒரு வீடு குறையும். சில நிறுவனங்கள் அட்மின் பக்கத்தையே உங்களுக்குத் திறந்துவிடுவதில்லை. ஆகவே உங்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். நிறுவனத்தாரே, அமைப்பு வேலைக்கு நேரத்தையும் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பெட்டிக்குப் பெட்டி வேறு பாஸ்வேர்டோடு வாங்குங்கள். கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்தும் பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்தும் சட்டமே அதை, அல்லது வாங்கியவரே சொந்தப் பாஸ்வேர்டு வைப்பதைக் கேட்கிறது. தொலைவிலிருந்து ரவுட்டர்களை நிர்வகிக்க நீங்கள் வைத்திருக்கும் டிஆர்-069 வாசலை உங்கள் சர்வருக்கு மட்டும் திறந்துவையுங்கள். ஜெர்மனியில் 2016 நவம்பரில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் செயலிழந்தது, அந்த நிர்வாக வாசலைக் குறிவைத்துப் பரவிய மிராயின் ஒரு வடிவத்தால்தான்.

இணைய இழை இனி நகரங்களோடு நிற்கப் போவதில்லை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் அதைக் கொண்டுசெல்வது அரசின் திட்டம். அங்கே பல வீடுகளுக்கு இழை இணைப்பு முதன்முறையாக வரும். ஊரக வேலைத் திட்டக் கூலியும் உதவித்தொகையும் வந்து சேரும் வங்கிக் கணக்குகள் அந்த வைஃபை வழியாகத்தான் பார்க்கப்படும். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அந்த வீடுகளில் கேள்வி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே கேட்கப்படாமலேயே சரியாகச் செய்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஐந்து சொல் வைஃபை பாஸ்வேர்டு, தனி அட்மின் பாஸ்வேர்டு, புதிய ஃபர்ம்வேர், டபிள்யூபிஎஸ், யுபிஎன்பி, ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்றும் அணைப்பு, ஃபயர்வால் இயக்கம், டிஎன்எஸ் சரிபார்ப்பு, கையில் ஒரு தாள். முதல் சில வீடுகளில் நேரம் எடுக்கும். பழகியபின் கை தானாகப் போகும். எந்த மாடலில் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் ஊர் பாலிடெக்னிக்கையோ ஐடிஐயையோ அணுகுங்கள். எங்கள் ஆய்வகத்தைச் சனிக்கிழமை மாலைகளில் உங்களுக்காகத் திறந்துவைக்க நான் தயாராக இருக்கிறேன். நீங்கள் மாட்டும் பெட்டிகளில் ஒன்றைக் கொண்டுவாருங்கள்; மேசையில் வைத்துச் சேர்ந்து பார்ப்போம். சான்றிதழ் எதுவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

அன்புடன்,
ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர்